தொழிற்சங்கத் தலைவரின் மகன்

(நெய்க்காரப்பட்டியில் தோழர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அரசியல் வகுப்பு என்று அழைத்துவிட்டுத் திரைப்படத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்குக் காரணம் உண்டு என்பதை நான் அறிவேன். பத்தாண்டுக் காலம் நம்மோடு கொடி பிடித்து, நம்மோடு தடியடிபட்டு, நம்மோடு ஒரே இலையில் சோறு பகிர்ந்த இருவர், சென்ற தை மாதத்திலிருந்து வேறொரு பெரிய மனிதரின் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். "துரோகிகள்" என்று நீங்கள் பொருமுகிறீர்கள். பொருமலோடு நில்லாமல், "நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றி ஊரறிந்த படம் இருக்கிறதே, அதை வைத்துப் பேசுங்கள்" என்றும் சொல்லிவிட்டீர்கள். நல்லது, பேசுவோம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் துரோகியைத் தேடப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் படம் 'நாயகன்'. 1987-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. மணிரத்னம் இயக்கினார், உரையாடல் தீட்டியவர் பாலகுமாரன், வேலு நாயக்கராகத் தோன்றிய கமல்ஹாசனுக்கு அகில இந்திய விருது கிடைத்தது. 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'காட்ஃபாதர்' படத்தின் சாயல் இதில் உண்டு என்பர். பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் கதை என்பர். இரண்டும் உண்மையே. எனினும் படம் பார்த்த பலரும் அதன் முதற் சில நிமிடங்களை மறந்துவிடுகின்றனர். தாராவி நினைவிருக்கிறது, வெள்ளை வேட்டி நினைவிருக்கிறது, பேரன் கேட்கும் கேள்வி நினைவிருக்கிறது. தொடக்கம் நினைவில் இல்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

வேலுவின் தந்தை யார்? கள்ளக்கடத்தல்காரரா? கைத்தடி வைத்திருந்த ஜமீன்தாரா? இல்லை. அவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர்! அரசாங்கத்தை எதிர்த்துத் தொழிலாளரைத் திரட்டியவர். போலீசார் தேட, தலைமறைவாக இருப்பவர். அவரைப் பிடிக்க வழி தெரியாத போலீசார், சிறுவனாகிய மகனைப் பிடித்து, நயமாகப் பேசி, விட்டுவிடுகின்றனர். சிறுவன் நம்புகிறான். நேரே தந்தை ஒளிந்திருக்கும் இடத்திற்கு ஓடுகிறான். அவன் காலடியைப் பின்பற்றிப் போலீசும் வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. தந்தை பிணமாகிறார். தன்னை ஏமாற்றிய அதிகாரியைக் குத்திவிட்டுச் சிறுவன் பம்பாய்க்கு ஓடுகிறான்.

படத்தில் வரும் முதல் காட்டிக்கொடுப்பு இது. காட்டிக்கொடுத்தவன் துரோகியா? அவனைவிடத் தந்தைமேல் அன்பு கொண்டவர் உலகில் எவருமிலர். நம்பத்தகாத இடத்தில் நம்பிக்கையை வைத்தான், அவ்வளவே. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. தந்தை சுடப்பட்டபின் அந்தச் சங்கம் என்னவாயிற்று? சிறுவனை ஏன் ஒரு தொழிலாளி வீடும் ஏற்கவில்லை? படம் அதைச் சொல்லவில்லை. படத்திற்கு அது தேவையுமில்லை. சங்கத் தலைவரின் மகன் சங்கம் இல்லாத ஊருக்குப் போகிறான். அங்கே அவன் வளர வளர, சங்கம் செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் தனியொரு ஆளாகச் செய்கிறான். குடிசைகளை இடிக்க ஆள் அனுப்பிய சேட்டின் மாளிகைக்குள் குடிசை மக்களோடு புகுந்து, இடிபடுவது எப்படியிருக்கும் என்று அவனுக்குக் காட்டுகிறான். மக்கள் அவனை வாழ்த்துகின்றனர். வாழ்த்தாமல் என்ன செய்வர்? நகரசபை கேட்கவில்லை, நீதிமன்றம் கேட்கவில்லை, அவன் கேட்டான்.

ஆனால் தோழர்களே, அந்த வாழ்த்துக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

படத்தின் நடுவில் ஒரு போலீஸ் அதிகாரியே வேலுவின் வாசலுக்கு வருகிறார். தன் மகளைச் சீரழித்தவன் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை. சட்டத்தின் காவலராகிய தமக்கே சட்டம் உதவவில்லை என்று அழுகிறார். 'காட்ஃபாதர்' தொடங்குவதும் இப்படித்தான். பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தும் பொனசெரா என்பவன், மகளை அடித்துச் சிதைத்தவர்களை நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று சொல்லி, டான் கார்லியோனேயின் முன்னால் வந்து நிற்கிறான். டான் கேட்கும் முதற் கேள்வி என்ன? முதலில் என்னிடம் வராமல் ஏன் போலீசுக்குப் போனாய் என்பதே! பிறகு உதவுகிறார். பணம் வாங்கவில்லை. என்றேனும் ஒருநாள் ஒரு சிறு உதவி கேட்பேன், கேட்காமலும் போகலாம் என்கிறார். அந்த நாள் வருகிறது. குண்டுகள் துளைத்த தம் மூத்த மகனின் உடலைத் தாய் காணத் தகுந்ததாகச் செப்பனிட்டுத் தரும்படி கேட்கிறார். உருக்கமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு எதைக் கேட்டிருந்தாலும் பொனசெரா மறுத்திருக்க முடியுமா? முடியாது. பத்திரம் இல்லை, கையொப்பம் இல்லை, தொகை எழுதவில்லை. எழுதாத கடனுக்கு வட்டி என்னவென்று கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

இந்தக் கடனுக்குத்தான் அங்கே விசுவாசம் என்று பெயர். கடனாளி என்ன செய்வான்? இன்னொருவன் கடனை அடைக்க முன்வந்தால் அவனிடம் போய்விடுவான். 'காட்ஃபாதர்' படத்தில் வரும் துரோகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டான் சுடப்படும் நாளில் காரோட்டி பாலி உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் இருந்துவிட்டான். பகைவர் விலை கொடுத்துவிட்டனர். மகளை மணந்த கார்லோ, வீட்டோடு வைத்துக்கொள்ளப்பட்டும் தொழிலில் சேர்த்துக்கொள்ளப்படாதவன். மைத்துனனையே சாவடிக்கு அனுப்பிக் கொல்ல வழி செய்தான். ஆண்டுக்கணக்கில் அக்குடும்பத்தின் தளபதியாக இருந்த டெஸ்ஸியோ, மூத்தவர் மறைந்ததும் அடுத்த வலியவன் யாரென்று எடைபோட்டுப் பார்த்து மாறினான். பிடிபட்டபின் அவன் கதறவில்லை; பகை ஒன்றுமில்லை, தொழில் முறைதான் என்று சொல்லி அனுப்புகிறான். அவன் பொய் சொல்லவில்லை, தோழர்களே! அங்கே விசுவாசமும் தொழில்தான், துரோகமும் தொழில்தான். 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில், உடன்பிறந்த ஃப்ரெடோவே மாறிப்போகிறான்; தம்பி அண்ணனைக் கொல்லச் செய்கிறான். துரோகிகளைத் தேடித் தேடி அழித்த அந்தத் தலைவன் கடைசியில் தன்னந்தனியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

இடையிலே ஒரு வேடிக்கை. மாஃபியாவைப் பற்றிய படங்களில் தலைசிறந்ததாகிய அந்த 1972-ஆம் ஆண்டுப் படத்தில் 'மாஃபியா' என்ற சொல்லே கிடையாது. இத்தாலியரின் மானம் போகிறது என்று அமெரிக்காவில் ஒரு சங்கம் கிளம்பி, 1971-இல் அச்சொல்லை நீக்கச் செய்தது. அச்சங்கத்தின் தலைவர் ஜோ கொலம்போ யார் தெரியுமா? நியூயார்க் மாஃபியாக் குடும்பம் ஒன்றின் தலைவரே! மானத்தைக் காக்க வந்த காவலரைப் பாருங்கள்! அதே ஆண்டு ஜூன் மாதம், அவர் கூட்டிய பொதுக்கூட்டத்திலேயே அவர் சுடப்பட்டார்.

'நாயகன்' இதைவிட நுட்பமான ஓரிடத்தைத் தொடுகிறது. வேலுவை வளர்த்த ஹுசேன் பாயை இன்ஸ்பெக்டர் கேல்கர் லாக்கப்பில் கொன்றுவிட்டுத் தற்கொலை என்கிறான். வேலு கேல்கரைப் பட்டப்பகலில், ஊர் பார்க்க, அடித்துக் கொல்கிறான். சாட்சி சொல்ல ஒருவர் இல்லை. அச்சம் பாதி, அன்பு பாதி. கேல்கருக்கு மனைவியும் அறிவு வளர்ச்சி குன்றிய மகன் அஜித்தும் உண்டென்று பிறகு தெரியவர, வேலு அவர்களைத் தாங்குகிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. மனைவி பகைவரால் மடிகிறாள். மகன் தந்தையின் தொழிலுக்கு வந்து மாய்கிறான். மகள் சாருமதி வெறுத்துப் பிரிந்து ஒரு போலீஸ் அதிகாரியை மணக்கிறாள். கடைசியில் வேலு தானே சரணடைகிறான், சாட்சியம் இல்லையென்று நீதிமன்றம் விடுதலை செய்கிறது, வெளியே வருகிறான், அஜித் சுடுகிறான்.

யாரைத் துரோகி என்பீர்கள்? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான் என்று அஜித்தையா? அவன் தந்தையைக் கொன்ற கை, சோறு போட்டதால் தூய்மையாகிவிட்டதா? இரத்தத்தைச் சோற்றால் கழுவிவிடலாம் என்று வேலு நம்பினான். தவறான இடத்தில் வைத்த நம்பிக்கை என்றால் அதுதான். ஊர் மக்கள் சாட்சி சொல்லாத அதே மௌனம் அவனைச் சட்டத்திலிருந்து காத்தது; ஆனால் அந்த மௌனத்திற்குள்ளேயே ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தான். பகைவர்களால் முடியாததை அந்தப் பிள்ளை முடித்தான்.

இவை கதைகள். கதைக்குப் பெயர் கொடுத்த ஊர் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. கார்லியோனே என்பது டானின் குடும்பப் பெயர் மட்டுமன்று. இத்தாலியின் தென்கோடித் தீவாகிய சிசிலியில் ஒரு மலையூர். படம் பார்த்தவர் கோடிக்கணக்கானோர். ஆனால் பிளாச்சிடோ ரிஸ்ஸோட்டோ என்ற பெயரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ரிஸ்ஸோட்டோ அவ்வூரில் தொழிலாளர் சங்கச் செயலாளர். போர் முடிந்த காலம். பெருநிலக்கிழார்கள் தரிசாகப் போட்டிருந்த நிலத்தைக் கூட்டுறவுகளுக்கு அளிக்கச் சட்டம் வந்திருந்தது. சட்டத்தைக் காகிதத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவர ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவர். நிலக்கிழார்களின் காவல் நாய்களாக இருந்தவர்களே மாஃபியாக்காரர்கள். 1947 ஏப்ரலில் சிசிலித் தேர்தலில் இடதுசாரி அணி முதலிடம் பெற்றது. பதினோரே நாளில், மே முதல் நாள், போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா என்ற மலைவெளியில் மே தினம் கொண்டாடக் கூடிய உழவர்மீது துப்பாக்கிகள் பாய்ந்தன. 11 பேர் மாண்டனர். குழந்தைகளும் அதில் உண்டு. சுட்டது யார்? சல்வத்தோரே ஜூலியானோவின் கூட்டம். ஏழைகளின் தோழன், செல்வரிடம் பறித்து எளியவருக்குக் கொடுப்பவன் என்று எந்த உழவர் அவனைப் போற்றினார்களோ, அவர்கள்மீதே அவன் துப்பாக்கி திரும்பியது! 1950 ஜூலையில் அவனும் மாண்டான். தானே கொன்றதாகச் சொன்னவன், அவனுக்கு வலக்கரமாக இருந்த உறவினன் பிஷோத்தா. அந்தப் பிஷோத்தா 1954-இல் பலெர்மோ சிறையில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டான். சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பாருங்கள்.

ரிஸ்ஸோட்டோவை 1948 மார்ச் 10-ஆம் நாள் மாலை, அறிமுகமான ஒருவன் பேச்சுக் கொடுத்தபடி நடத்திச் சென்றான். அவர் திரும்பவில்லை. கொலையைக் கண்டதாகச் சொல்லப்பட்ட ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் மருத்துவமனையில் இறந்தான். அம்மருத்துவமனையின் டாக்டர் நவாராவே கார்லியோனே மாஃபியாவின் தலைவர். கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட லெஜ்ஜியோ, ஆதாரம் போதாதென்று விடுவிக்கப்பட்டான். 1958-இல் அதே லெஜ்ஜியோவின் ஆட்கள் டாக்டர் நவாராவை நடுச்சாலையில் சுட்டுக் கொன்றனர். லெஜ்ஜியோவுக்குப் பின்வந்த ரீனா, இருபதாண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்து 1993 ஜனவரியில் பிடிபட்டான். அடையாளம் காட்டியவன் ஒரு காலத்தில் அவனுக்குக் காரோட்டியவன்.

சரி, சங்கத்தின் பக்கம் என்ன நடந்தது? ரிஸ்ஸோட்டோ விட்ட இடத்திற்கு பியோ லா தோர்ரே என்ற இளைஞர் வந்தார். நில இயக்கத்தை நடத்திச் சிறை சென்றார். பின்னர் பாராளுமன்றம் சென்று, மாஃபியாவில் சேர்ந்திருப்பதே குற்றம், சேர்த்த சொத்து பறிமுதல் என்று சட்டம் கொணர முயன்றார். 1982 ஏப்ரல் 30-இல் அவரும் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சட்டம் நிறைவேறிற்று. ஒரு பக்கத்தில் தலைவன் விழுந்தால் கையாள் மாறுகிறான். மறுபக்கத்தில் தலைவர் விழுந்தால், அவர் வைத்துவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே ஊர்க்காரர்களே. பிறவியிலேயே உத்தமர் என்று எவரும் இல்லை.

பம்பாய்க்கும் இதில் பாடமுண்டு. பரேல் பகுதியின் கம்யூனிஸ்டு சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் அந்தத் தொழிலாளர் தொகுதி சிவசேனையிடம் போயிற்று. 1982 ஜனவரி 18-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர்; அது வென்றும் முடியவில்லை, முறையாகத் திரும்பப் பெறப்படவும் இல்லை; ஆலைகள் மூடிக்கொண்டன. வேலையிழந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் எந்தத் தெருமுனைக்குப் போனார்கள் என்பதை அந்நகரம் பிறகு கண்டது. விக்டோரியா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி, சாராயத்தில் தலையெடுத்து, மாதுங்காவில் விநாயகர் பந்தல் போட்டு வாரி வழங்கிய வரதராஜ முதலியாரை அங்குள்ள தமிழர் தெய்வமாகக் கொண்டாடினர். 1988 தொடக்கத்தில் அவர் சென்னையில் மறைந்தார். அவர் வழங்கியது மெய்யே. ஆனால் அவர் வழங்கிய குடும்பங்களுக்கு அவருக்குப் பின் எந்த உரிமை எஞ்சியது என்று கேட்டால், விடை சொல்ல ஆளில்லை.

"எங்கோ இருக்கும் சிசிலியும் பம்பாயும் எதற்கு, நம் பக்கத்துக் கருமலை இல்லையா?" என்று முன்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்டு. கும்பினிப் படையை எதிர்த்த தீரன் சின்னமலை, இதே பழநி வட்டாரத்துக் கருமலையில் மறைந்திருந்தபோது சமையற்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்தான் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். 1805 ஜூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டனர். ஆடிப்பெருக்கு வந்தால் அந்தச் சமையற்காரனைத் திட்டாத மேடை இல்லை. திட்டுங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தீர்களா? பாளையக்காரர்களுள் எத்தனை பேர் அதற்கு முன்பே கும்பினிக்குத் திறை கட்டி, படை கொடுத்து, வழி காட்டி, பட்டங்கள் பெற்றிருந்தனர்! அரண்மனைகள் விலைபோனதை மறைக்க ஓர் அடுப்படி ஆள் கிடைத்தான் நமக்கு. துரோகத்தின் முழுப் பாரத்தையும் ஏழை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் கைகழுவிக்கொள்வது இந்நாட்டில் புதிதன்று. 1967-இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறினார்; நாடே சிரித்தது. 1985-இல் கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டமே வந்தது. தனியாகத் தாவினால் பதவி போகும், கூட்டமாகத் தாவினால் வேறு பெயர் என்றாயிற்று!

இனி உங்கள் இருவரிடம் வருவோம்.

அவர்களில் ஒருவர் கரும்பு போட்டவர், வெல்லம் காய்ச்சுபவர். கொப்பரை ஏற்றுமுன் வெட்டுக்கூலிக்கும் விறகுக்கும் முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுத்தவர் யாரோ, அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் விலைக்குச் சரக்கைப் போடவேண்டும். வெளியில் விலை ஏறினாலும் வாய் திறக்கலாகாது. வீட்டில் நோய் வந்தால் அவரே கார் கொடுக்கிறார், மருத்துவமனையில் அவரே சொல்லி வைக்கிறார், பிள்ளைக்குக் கல்லூரியில் அவரே இடம் கேட்கிறார். வட்டி கேட்பதில்லை. தேர்தல் வரும்போது ஒரு சிறு உதவி மட்டும் கேட்கிறார். இதைப் பார்த்தபின் பொனசெராவின் கதை அமெரிக்கக் கதையாகத் தோன்றுகிறதா உங்களுக்கு? மற்றவரின் வீட்டுக் கதை உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் மனைவி மதுரையில் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தபோது அங்கே வந்து போனவர் யார், வராதவர் யார் என்பதை நான் மேடையில் சொல்லவேண்டியதில்லை.

"அப்படியானால் அவர்கள் செய்தது சரியா?" என்று கேட்பீர்கள். சரி என்று நான் சொல்லவில்லை. சங்கத்தின் முடிவுகளை அங்கே போய்ச் சொன்னார்கள் என்றால் அது தவறு. அதற்குக் கிளை கூடி விளக்கம் கேட்கட்டும், நடவடிக்கை எடுக்கட்டும். ஆனால் தெருவில் நின்று அவர்கள் பெயரைச் சொல்லிக் காறி உமிழ்வதால், அந்தத் திண்ணையில் நாளை உட்காரப்போகும் மூன்றாமவரை நிறுத்திவிட முடியுமா? "அந்தப் பெரிய மனிதருக்கு ஈடாக நாமும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன?" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். வேலுவின் கதை முழுவதையும் உங்கள் முன் சொன்னது அந்தக் கேள்விக்காகத்தான். நம் பக்கத்தில் ஒரு நாயகர் வந்து உட்கார்ந்தால், சங்கத் தலைவரைச் சுட இன்னொரு துப்பாக்கி தேவைப்படாது.

நான் பழநி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது நான்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். அதோ அந்த மேசைமேல் இருக்கின்றன. தெருவுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு, எத்தனை ஏக்கர் கரும்பு, யாரிடம் எவ்வளவு முன்பணம், எந்த விலைக்குச் சரக்குப் போனது, அன்று வெளியில் என்ன விலை, இவற்றை எழுதுங்கள். அந்த இருவர் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். போகும்போது கொடியைக் கொண்டுபோக வேண்டாம், பேனாவைக் கொண்டுபோனால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில், மாலை ஐந்து மணிக்கு அந்தக் கணக்கைப் படிப்போம்.